ஏட்டிலுள்ள ஒப்பனையை முகத்திற் காண்டல்

நாடகம் கண்ணாற் காண்பதற்குரிய கலை. ஆயினும் ஒருவர் வகுத்த நாடக ஒப்பனை பிறிதொருவர் கைக்கு வருங்கால் பெரும்பாலும் எழுத்தாகவே வந்து சேருகின்றது. அரசனுக்கு இன்ன நிறம், முனிவனுக்கு இன்ன தாடி, தோழிக்கு இன்ன கொண்டை என ஒரு தாளில் நாலைந்து வரிகள் இருக்கும். அவற்றை எழுதியவர் அருகில் இல்லை. அவர் கை எவ்வாறு இயங்கிற்று, எவ்வளவு அழுத்திற்று என்பன அத்தாளில் இல்லை. அந்நிலையில் அவ்வொப்பனையை மீள ஆக்குவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். கலைவிழாவுக்கும் நாடகப் போட்டிக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்வோர் யாவர்க்கும் ஆண்டுதோறும் எதிர்ப்படும் வினா இது.

இதனை ஆராய்தற்கு மிகப் பழைய குறிப்பொன்றையே எடுத்துக்கொள்வோம். பரதர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரத்தில், சில பதிப்புக்களில் 21 ஆம் அத்தியாயமாகவும் சிலவற்றில் 23 ஆம் அத்தியாயமாகவும் அமைந்துள்ள பகுதி ஆகாரிய அபிநயத்தைக் கூறுவது. உடை, அணி, நிறம், முடி முதலிய புறக்கோலத்தாற் கருத்தைப் புலப்படுத்துதலே ஆகாரியம். அதனை அந்நூல் நான்காக வகுக்கும். மலை, தேர், படைக்கலம் போன்றவற்றைச் செய்து காட்டல் புஸ்தம். மாலையும் அணியும் ஆடையும் அலங்காரம். மேனிக்கு நிறந் தீட்டலும் முடி, தாடி அமைத்தலும் அங்கரசனை. உயிருள்ளவற்றை அரங்கிற் புகுத்தல் சஞ்சீவம். இவற்றுள் நமக்கு வேண்டுவது அங்கரசனை.

அளவும் காரணமும்

வெண்மை, நீலம், மஞ்சள், செம்மை என்னும் நான்கையும் மூலநிறங்களாக அந்நூல் கொள்கின்றது. பிற நிறங்கள் இவற்றின் கலப்பாற் பிறப்பன. வெண்மையும் மஞ்சளுஞ் சேரப் பாண்டு நிறம். வெண்மையுஞ் செம்மையுஞ் சேரத் தாமரை நிறம். மஞ்சளும் நீலமுஞ் சேரப் பச்சை. நீலமுஞ் செம்மையுஞ் சேரக் கசாயம். செம்மையும் மஞ்சளுஞ் சேரக் கௌரம்.

பெயர்களைக் கூறி விடுவதோடு நூல் நின்றிருப்பின் அது நமக்குப் பெரிதும் பயன்படாது. அது மேலுஞ் சென்று அளவு கூறுகின்றது. வலிய நிறம் ஒரு பங்காயின் மெலிய நிறம் இரு பங்கு; நீலத்தில் மட்டும் ஒரு பங்குக்கு ஏனைய நிறம் நாலு பங்கு. காரணமும் உடன் கூறப்படுகின்றது: நிறங்கள் எல்லாவற்றிலும் நீலமே வலியது.

இக்காரணமே இவ்விதியின் உயிர். மஞ்சளையும் நீலத்தையும் சரிபாதியாகக் கலந்து பார்க்கும் மாணவன், பச்சைக்குப் பதிலாக இருண்ட நீலச் சாயலையே பெரும்பாலுங் காண்பான். நாலுக்கு ஒன்றாகக் கலப்பவன் பச்சையைக் காண்பான். அவனிடமுள்ள நீலம் பரதர் காலத்து நீலத்தினும் வலியதாயின், நாலுக்கு ஒன்றுங் கூடுதலாகலாம். அப்பொழுது அவன் எட்டுக்கு ஒன்று கலந்தால் அது விதியை மீறுதல் ஆகாது. வலியதைக் குறைத்து மெலியதைக் காப்பாற்றுக என்ற கருத்தையே அவன் நிறைவேற்றுகின்றான். அளவை மட்டும் அறிந்தவன் பொருள் மாறியவிடத்துத் திகைப்பான். காரணத்தையும் அறிந்தவன் திகையான்.

இவ்விதி இன்றும் கைவழக்கில் வாழ்வதைக் கேரளத்துக் கதகளியிற் காணலாம். உயர்ந்த நாயகர்க்குரிய பச்சை வேடத்தின் முகநிறம், மனையோலை என்னும் மஞ்சட் பொருளோடு நீலத்தைக் கலந்து தேங்காயெண்ணெயில் அரைத்தே மரபிற் பெறப்பட்டது. வள்ளத்தோள் நாராயண மேனன் முதலியோர் 1930 இல் நிறுவிய கேரள கலாமண்டலத்தில் ஒப்பனை ஆசிரியர் கைப்பட அதனை மாணவர்க்குக் கற்பிக்கின்றனர். ஏட்டில் அளவு, கையிற் பழக்கம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

பங்கு என்னும் சொல்லிலும் ஓர் இடருண்டு. அது நிறையாற் பங்கோ, கொள்ளளவாற் பங்கோ என்பதை எழுதுவோர் பலர் கூறுவதில்லை. செந்நிறத்துக்குப் பழங்காலத்தில் ஆளப்பட்ட சாதிலிங்கம் மிகப் பாரமானது; அதே நிறையுள்ள வெண்களி அடைக்கும் இடத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கையே அது அடைக்கும். தராசில் நிறுத்தவனும் கரண்டியால் அளந்தவனும் ஒரே வரியைப் பின்பற்றி வேறுவேறு நிறத்தை அடைவர். ஆதலின் குறிப்பொன்றைக் கண்டவுடன் முதலிற் கேட்கவேண்டியது, பங்கு எதனால் அளக்கப்பட்டது என்பதே.

சொல் ஒன்று, பொருள் பல

எழுத்துக் குறிப்பு நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் அரிய சொல்லால் அன்று, எளிய சொல்லாலேயே. தெரியாத சொல்லுக்கு அகராதியைத் திறப்போம்; தெரிந்த சொல்லைப் பொருள் தெரியுமென்று கடந்துபோவோம்.

எடுத்துக்காட்டாக, தலைமேல் வைக்கும் போலித் தலைக்கான பட்டியின் அளவு 32 அங்குலம் என்பது நாட்டிய சாத்திரம். இன்று அங்குலம் என்றால் மாணவன் அடிமட்டத்தை எடுப்பான். 32 அங்குலச் சுற்றுள்ள முடி எவன் தலையிலும் நில்லாது கழுத்தில் இறங்கும். பழைய அங்குலம் விரலகலம். அது இன்றைய அங்குலத்தில் ஏறக்குறைய முக்கால். அவ்வாறு கணக்கிடின் 32 விரலகலம் 24 அங்குலமாகும். வளர்ந்த ஆடவன் தலைச்சுற்று ஏறக்குறைய 22 அங்குலம். எஞ்சிய இரண்டும் மடிப்புக்கும் ஒட்டுக்கும் போதும். இங்ஙனங் கணக்குப் பொருந்தும்போது, நாம் சொல்லைச் சரியாக வாசித்தோம் என்று துணியலாம். விரலாலளக்கும் முறைக்கு இன்னுமோர் நலமுண்டு. சிறுவனுக்கு அவன் விரலால் அளந்தால் அவன் தலைக்கு ஏற்பச் சுருங்கும்.

தாடி நால்வகை என்று கூறி, அவற்றுள் ஒன்றைச் சுத்தம் என்கின்றது அந்நூல். சுத்தம் என்பதை வெண்தாடி என்றுங் கொள்ளலாம். மழித்துத் தூய்மை செய்த முகம் என்றுங் கொள்ளலாம். எதனைக் கொள்வது? சொல்லை நோக்கித் தீராத ஐயம், அது யாருக்கு விதிக்கப்பட்டது என்பதை நோக்கத் தீரும். துறவியர், அமைச்சர், புரோகிதர், தீட்சை பெற்றோர் என்போர்க்கு அது கூறப்படுகின்றது. இவர்கள் யாவரும் முதியர் ஆதல் வேண்டுமென்பதில்லை. யாவரும் புலனடக்கமுடையர் ஆதல் வேண்டும். ஆகவே மழித்த முகமே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. வேறு கருத்துக் கொள்வோர் கொள்ளலாம். ஆனால் அவர்களும் பாத்திரத்தின் இயல்பைக் கொண்டே வாதிடுதல் வேண்டும்.

கூந்தலில் இவ்விடர் இன்னும் பெரிது. ஆபீர மகளிர்க்கு இரட்டைப் பின்னல், தலைமேல் நீலத்துகில் என்ற குறிப்பை எவரும் செய்துகாட்டலாம். தென்றிசை மகளிர்க்கோ கும்பீபந்தகம் என்னும் முடியும், நெற்றியிலே ஆவர்த்தம் என்னுஞ் சுழியும் கூறப்படுகின்றன. குடம்போலத் திரண்ட கட்டு என்று ஊகிக்கலாம். அக்குடம் உச்சியில் அமைந்ததா, பிடரியில் அமைந்ததா? சுழி மயிராலானதா, அணியாலானதா? பெயர் மட்டும் நம்மிடம் வந்தது. முடித்த கை வரவில்லை.

தமிழிலும் இந்நிலையே. மகளிர் கூந்தலை ஐம்பால் என்பது நம் இலக்கிய வழக்கு. அவ்வைந்தும் எவை எனின், குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பர் ஒருசாரார்; முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பர் மற்றொரு சாரார். பெயர்ப்பட்டியலே இரண்டாகப் பிரிந்தபின், பனிச்சையை எவ்வாறு முடிப்பதென்று யாரிடங் கேட்பது? சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் கூறப்படுகின்றது. அவை இன்னின்னவென அடியார்க்குநல்லார் உரை விரிக்கின்றது. அவ்வுரை இல்லையேல் மூன்று எண்களே நமக்கு எஞ்சியிருக்கும். நாடகத்தமிழ் நூல்கள் பல தம் காலத்திலேயே இறந்துபட்டமையை அவ்வுரையாசிரியரே குறித்துள்ளார்.

எழுத்துக்குத் துணையானவை

எழுத்து ஓய்ந்தவிடத்திற் செய்யத்தக்கது என்ன? நம் நாட்டவராகிய சுவாமி விபுலாநந்தர் இதற்கு வழிகாட்டியுள்ளார். வழக்கொழிந்த யாழை அவர் சிலப்பதிகாரத்தினின்றும் பிற நூல்களினின்றும் ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலாக வெளிப்படுத்தினார். அவர் எழுத்தை மட்டும் நம்பியவர் அல்லர். நரம்பின் நீளத்தைக் கணிதத்தாற் சோதித்தார். யாழின் வடிவைப் பழஞ்சிற்பங்களோடு ஒப்பிட்டார். நூல், கணக்கு, சிற்பம் என்னும் மூன்று சான்றும் ஒன்றையொன்று திருத்துமாறு செய்தார்.

ஒப்பனைக்கும் இம்முறை பொருந்தும். கூந்தலின் பெயர் நூலில் உண்டு. அதன் உருவம் சிற்பத்தில் உண்டு. ஓவியம் முன்னும் பக்கமுமே காட்டும். முடிச்சு இருப்பதோ பின்புறத்தில். அதனால் இவ்வாராய்ச்சிக்கு வெண்கலப் படிமமே சிறந்தது. பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பெற்றுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள சோழர்காலப் படிமங்கள் போல்வனவற்றின் பின்புறத்தையும் நோக்குக. புரளுஞ் சுருள்களும் அவற்றின் கட்டும் அங்கே வார்க்கப்பட்டிருக்கும். ஆயினும் சிற்பத்தின் காலமும் நூலின் காலமும் ஒன்றல்ல. பொருந்துமிடத்துத் துணையாகக் கொள்ளலாம்; முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

எழுத்தைப் பின்பற்றலாகாத இடம்

ஒருவர் எழுதியதை எழுதியவாறே செய்வது பெருமை என்று எண்ணுவோர் உளர். ஒப்பனையில் அப்பெருமை உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

வேடம் புனைதலை அரிதாரம் பூசுதல் என்று தமிழர் வழங்குகின்றோம். அரிதாரம் என்பது ஆசெனிக்கும் கந்தகமுஞ் சேர்ந்த மஞ்சட் பொருள். நம் வைத்தியர் பாடாணங்களுள் ஒன்றாக எண்ணுவது. செந்நிறந் தரும் சாதிலிங்கம் இரசமுங் கந்தகமுஞ் சேர்ந்தது. பழங்கால வெண்பூச்சாகிய ஈயவெள்ளை ஈயத்தாலானது. இவை பளிச்சென்ற நிறந்தருவன. வியர்வையிற் கலையாது நிற்பன. எனவே முன்னோர் அவற்றை விரும்பினர். பழைய குறிப்பில் அரிதாரம் என்று எழுதியிருப்பதனால், பதினான்கு வயதுச் சிறுவன் முகத்தில் அதனைப் பூசலாமோ? ஆகாது. எழுதியவர் விரும்பியது ஒளிவிடும் மஞ்சள், நஞ்சன்று. நஞ்சில்லாத மஞ்சளால் அவர் விருப்பத்தை நிறைவேற்றுவதே அவர்க்குச் செய்யும் மரியாதை.

மாற்றுப் பொருளை ஆளும்போதும் அதன் குணத்தை அறிதல் வேண்டும். அரிதாரத்துக்கு மாற்றாக வீட்டு மஞ்சட்டூளை எடுத்தான் ஒருவன் என்று கொள்வோம். கதகளியின் சுட்டியைப்போல அரிசிமாவுஞ் சுண்ணாம்புங் கலந்த வெண்கரையை அதன் அருகில் வைத்தால், இரண்டுஞ் சந்திக்குமிடம் சிவந்துவிடும். ஆலத்தி நீர் கரைக்கும் எவரும் இதன் காரணத்தை அறிவர். மஞ்சளுஞ் சுண்ணாம்புஞ் சேரச் செம்மை பிறக்கும். அரிதாரம் அவ்வாறு மாறாது. எனவே மூலக் குறிப்பில் இதைப்பற்றி எச்சரிக்கை ஒன்றும் இராது. சுண்ணாம்பு தோலை அரிப்பதும் நாம் அறிந்ததே. கதகளியாளரே இப்பொழுது அக்கரையைக் கடுதாசியால் வெட்டி அமைக்கின்றனர்.

பாடசாலை அரங்குக்கு மஞ்சட்காவியும் செங்காவியும் நாகவொட்சைட்டு வெண்மையும் முகத்துக்கென்றே செய்து விற்கப்படும் பூச்சுக்களாகக் கிடைக்கின்றன. அவையே ஏற்றவை. வண்ணக்கடைச் சாயமும் சலவை நீலமும் முகத்துக்கு ஆகா. எப்பூச்சாயினும் அரங்கேற்றத்துக்கு முந்திய நாளேனும் முழங்கையின் உட்புறத்திற் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ உண்டாகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

தோலும் ஒளியும்

இன்னொரு வகைக் குறிப்பும் நம் கைக்கு வருவதுண்டு. பாடகர் லுட்விக் லைக்னர் 1873 இற் பேர்லினில் நிறுவிய தொழிலகத்தின் கொழுப்புச்சாயக் குச்சிகள் எண்ணால் அறியப்பட்டவை. 5 என்பது தந்தநிறம். 9 என்பது செங்கல் நிறம். ஐந்தும் ஒன்பதும் கலந்து பூசுக என்றால் ஆங்கில நடிகர்க்கு அதுவே முழு விளக்கம். அக்குச்சிகள் கையில் இல்லாதவனுக்கு அவை வெறும் இலக்கங்களே.

எண்ணின் பொருளைத் தேடி அறிந்தபின்னும் இடர் தீராது. அக்கலவை வெண்ணிறத் தோலுக்கு உயிர்ப்பூட்ட எழுந்தது. நம் மாணவனது மாநிறத்தின்மேல் அதே கலவை சாம்பர் பூத்தாற்போற் காணும். அவ்வொப்பனை வகுத்தவர் வேண்டியது, நலமுள்ள மனிதன் முகம் தொலைவிலும் நலமாகத் தோன்றுதல். நம் மாணவனுக்கு அதனை வேறு நிறக்கலவையே தரும். நிறம் என்பது பூச்சில் மட்டும் உள்ளதன்று. தோல், பூச்சு, ஒளி ஆகிய மூன்றுஞ் சேர்ந்த விளைவு அது.

ஒளியையும் நோக்குக. நெய்விளக்கின் ஒளி மஞ்சள் சார்ந்தது. அதில் நீலம் இருளும், செம்மை பொலியும். வெண்ணிற மின்னொளியில் அதே முகம் கடுமையாகத் தோன்றும். மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக்களரியில் ஆடப்படுபவை. சுற்றிலும் மக்கள் இருப்பர்; கொண்டையின் பின்புறமும் முகத்தின் முன்புறம்போலவே காட்சிக்குரியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இற் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசனையும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றியபொழுது, கூத்து படச்சட்ட மேடைக்கும் மின்னொளிக்கும் வந்தது. களரிக்கென எழுதிய ஒப்பனைக் குறிப்பை மேடைக்குக் கொள்வோர், காண்போர் எத்திசையில் எவ்வளவு தொலைவில் இருக்கின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செய்முறை

மேற்கூறியவற்றை மாணவர் கைக்கொள்ளத்தக்க முறையாக இங்கே தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, குறிப்பை மும்முறை வாசித்து ஐந்து நிரல்களாகப் பிரித்தெழுதுக: எப்பொருள், எவ்விடம், எவ்வளவு, எவ்வரிசை, எதற்காக. குறிப்பிற் கூறப்படாததை வெற்றிடமாகவே விடுக. வெற்றிடங்களே நாம் தேடவேண்டியவை. ஐந்தாம் நிரல் வெறுமையாயின் மற்றவற்றுக்கு முன் அதனை நிரப்ப முயல்க.

இரண்டாவது, அளவுச் சொற்களையும் பெயர்ச் சொற்களையும் சோதிக்குக. அங்குலம் எந்த அங்குலம், பங்கு எந்தப் பங்கு, கொண்டை எவ்விடத்துக் கொண்டை என வினாவுக.

மூன்றாவது, தீங்கான பொருளை நீக்கி, அதே விளைவைத் தரும் மாற்றுப் பொருளைக் கொள்க. எதனை எதற்கு மாற்றினீர் என்பதைக் குறித்துக்கொள்க.

நான்காவது, முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் ஒப்பனை செய்க. அரங்கின் ஒளியை ஏற்றி, மண்டபத்தின் கடைசி வரிசையினின்று நோக்குக. செய்த பாதியும் செய்யாத பாதியும் அருகருகே நிற்பதால், பூச்சு என்ன செய்தது என்பது வெளிப்படையாகும். கண்ணாடியின்முன் அழகாயிருப்பது கடைசி வரிசைக்குத் தெரியாதிருக்கலாம். அருகில் மிகையாய்த் தோன்றுவது அங்கே அளவாயிருக்கலாம்.

ஐந்தாவது, முடியைக் கட்டியபின் நடிகனை ஆடவும் குனியவும் திரும்பவும் செய்க. அசையாத தலையில் நிற்கும் கொண்டை ஆடுந் தலையில் நில்லாமற் போகலாம்.

ஆறாவது, மூலக் குறிப்பை வகுத்தவர் பெயரை நிகழ்ச்சித் தாளில் எழுதுக. நாம் மாற்றியவற்றையும் மறையாது கூறுக. அவர் ஆக்கத்தை நமதென்பது களவு. நமது மாற்றத்தை அவர்மேல் ஏற்றுவது பழி.

நாம் எழுதவேண்டியது

இவ்வளவும் பிறர் எழுதியதை வாசிக்கும் முறை. இனி நாம் எழுதவேண்டியதை நோக்குவோம். கூத்துக் கொப்பிகளிற் பாட்டும் வசனமும் தாளக்கட்டும் எழுதப்பட்டிருக்கும். எந்த அரசனுக்கு எந்த நிறம், அது எதனால் அரைக்கப்பட்டது, முடி எவ்வாறு கட்டப்பட்டது என்பன பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. அவை அண்ணாவிமார் கையிலும் ஒப்பனைக்காரர் கண்ணிலும் இருக்கின்றன. கை தளரும், கண் மங்கும். எழுதியதுங்கூட அழியாதென்பதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், 2004 இல் ஆழிப்பேரலை கீழ்க்கரையை வாரிச் சென்றதையும், போர்க்காலத்து இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டகங்கள் கைவிடப்பட்டதையும் நாம் அறிவோம். ஆதலின் எழுதுதல் மட்டும் போதாது. படிகள் பலவாதலும் வேண்டும்.

பழைய மாணவர் பலர் கூத்து ஆடும் ஊர்களிற் பிறந்தவர். சிலர் அண்ணாவி மரபினர். அவர்கள் தத்தம் ஊர் முதியோரிடஞ் சென்று, ஒரு வேடத்தையேனும் முழுமையாகக் கேட்டு எழுதுவாராக. புகைப்படமும் எடுக்க; ஆனால் அது போதுமென்று நிற்கற்க. புகைப்படம் முடிந்த முகத்தையே காட்டும். எது முதலிற் பூசப்பட்டது, ஏன் அவ்வாறு பூசப்பட்டது என்பதைக் காட்டாது. எப்பொருள், எவ்விடம், எவ்வளவு, எவ்வரிசை, எதற்காக என்னும் ஐந்து வினாக்களையும் கேட்டு, அவர் சொல்லும் ஊர்ச்சொல்லை மாற்றாமல் எழுதி, அச்சொல்லின் பொருளையும் அருகே விளக்குக. எழுதி முடித்தபின் அக்குறிப்பை வேடத்தைக் கண்டறியாத ஒருவரிடங் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுக. அவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கே நம் எழுத்துக் குறையுடையது; முதியவர் இருக்கும்போதே அவ்விடத்தை மீண்டுங் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

நீலமே வலியது என்ற ஒரு காரணத்தை எவரோ எழுதிவைத்தமையால், பொருளும் ஒளியும் நாடும் மாறியபின்னும் இன்று ஒரு மாணவன் அவ்வொப்பனையைத் தன் கையாற் கலக்கின்றான். நம் அண்ணாவிமாரின் ஒப்பனைக்கும் அத்தகைய வரியொன்று எழுதப்படுமாயின், அதனை வாசித்துக் கலக்கும் கையும் ஒருநாள் வந்து சேரும்.